கொத்துக் கொத்தாக விழும் ஜீன் மாறுதல்கள்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

வயலில் ஒரு கெடுதல் கண்டால், அது எவ்வளவு என்று பார்ப்பதோடு நில்லாமல், எவ்விதமாகப் பரவியிருக்கிறது என்பதையும் பார்ப்பது அனுபவமுள்ள குடியானவரின் வழக்கமாகும். வேற்று ரகக் கதிர்கள் வயலெங்கும் ஒன்றொன்றாகச் சிதறி நின்றால், விதையிலேயே கலப்பு இருந்தது என்று அவர் அறிவார். வட்டம் வட்டமாகத் தூர்கள் காய்ந்து தீய்ந்தாற்போல் நின்றால், மடையைத் திறந்து நீரை வடித்துவிட்டுத் தூரின் அடியில் புகையானைத் தேடுவார். ஒரு மூலையில் மட்டும் பயிர் வெளிறி, மண்மீது உப்புப் பூத்திருந்தால், அது களர்த் திட்டு என்பார். கெடுதல் சிதறிக் கிடப்பதற்கு ஒரு காரணமும், திட்டாக நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பது உழவுத் தொழிலின் பாலபாடம்.

இந்தப் பாலபாடமே சென்ற சில வருஷங்களில் ஜீன் சாஸ்திரத்தில் ஒரு பெரிய உண்மையை வெளிப்படுத்தியிருக்கிறது. உயிரணுக்களுக்குள்ளே நேரும் மாறுதல்களில் சில சிதறி விழாமல் ஓரிடத்தில் கொத்தாக விழுகின்றன என்றும், அவ்விதம் விழச் செய்வன உடலுக்குக் காவலாக உள்ள சில என்ஸைம்களே என்றும் தெரியவந்துள்ளது. அந்த என்ஸைம்களையே இப்பொழுது நெல் முதலிய பயிர்களைத் திருத்தும் கருவியாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் இவ்விஷயத்தைக் குடியானவர்களும் ஒருவாறு தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

டி.என்.ஏ.வும் திடீர் மாறுதலும்

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் மிக நுண்ணிய இழை இருக்கிறது. அது இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு போன்றது. அதில் ஏ, டி, ஜி, ஸி என்று சாஸ்திரிகள் பெயரிட்ட நான்கு எழுத்துக்கள் மாறி மாறி நிற்கின்றன. ஒரு புரியில் ஏ இருக்குமிடத்திற்கு எதிரே மற்றப் புரியில் டி நிற்கும். ஸி இருக்குமிடத்திற்கு எதிரே ஜி நிற்கும். நெல்லில் இவ்விழை 12 ஜோடிக் குரோமோஸோம்களாக அமைந்துள்ளது. ஒரு முழுத் தொகுதியில் உள்ள எழுத்துக்கள் ஏறத்தாழ 39 கோடி. மனிதனிடத்தில் அவை 300 கோடிக்கு மேல். பயிரின் உயரம், வயது, மணியின் நயம், நோயைத் தாங்கும் சக்தி ஆகிய எல்லாம் இவ்வெழுத்துக்களின் வரிசையைப் பொறுத்தன.

உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது இவ்வளவு எழுத்துக்களும் படியெடுக்கப்படுகின்றன. மிக அரிதாக ஓரெழுத்து மாறிப்போவதுண்டு. அதுவே திடீர் மாறுதல் எனப்படும். கடுகின் இனத்தைச் சேர்ந்த அராபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியைப் பல தலைமுறை வளர்த்துக் கணக்கிட்டு 2010-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து மாறுவதற்குள்ள வாய்ப்பு 100 கோடியில் ஏறத்தாழ 7 தான் என்பது அக்கணக்கு.

அரிதாயினும் இம்மாறுதல்களால் நமக்கு விளைந்த நன்மை சிறிதன்று. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தினின்று 1921-ம் வருஷத்தில் வெளிவந்து, தென்னாட்டில் நெடுங்காலம் பேர்பெற்று விளங்கிய ஜி.இ.பி. 24 என்னும் நெல், கோனாமணி என்ற ரகத்தில் தானாகத் தோன்றிய ஒரு திடீர் மாறுதலைத் தெரிந்தெடுத்ததேயாம். எக்ஸ் கதிர்களைச் செலுத்தி மாறுதல்களை அதிகப்படுத்தலாம் என்று 1927-ல் ஈயிலும், 1928-ல் பார்லியிலும் அமெரிக்கர்கள் காட்டிய பிறகு, அம்முறையாலும் அதையொத்த முறைகளாலும் உலகில் 3,000-க்கு மேற்பட்ட பயிர் ரகங்கள் உண்டாக்கப்பட்டிருக்கின்றன.

தானாக நேரும் மாறுதல்கள் பெரும்பாலும் விதைக் கலப்பைப் போலச் சிதறி விழுவன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே லட்சக்கணக்கான எழுத்துக்கள் மாறாமல் நிற்கும்.

கொத்தைக் கண்டது எவ்வாறு?

2012-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள வெல்கம் ஸாங்கர் ஆராய்ச்சி நிலையத்தில் ஸெரினா நிக்-ஸைனால், மைக்கேல் ஸ்டிராட்டன் முதலியோர், மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் 21-ல் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பல ஆயிரம் மாறுதல்கள் தென்பட்டன. அவற்றை எண்ணியதோடு விடாமல், ஒவ்வொரு மாறுதலுக்கும் அதற்கு முந்தைய மாறுதலுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து படம் வரைந்தார்கள். பெரும்பாலான புள்ளிகள் தூர தூரமாகவே விழுந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கட்டிகளில், சிற்சில இடங்களில் மட்டும் மாறுதல்கள் மழை கொட்டியதுபோல் நெருங்கிக் கிடந்தன. இதற்கு, இடிமழை என்று பொருள்படும் கட்டேஜிஸ் என்னும் கிரேக்கப் பெயரை அவர்கள் இட்டார்கள்.

அந்தக் கொத்துக்களை உற்று நோக்கியபொழுது மூன்று அடையாளங்கள் தெரிந்தன. முதலாவது, மாறிய எழுத்து ஏறக்குறைய எப்பொழுதும் ஸி. இரண்டாவது, அந்த ஸி-க்கு முன்னால் நின்றது பெரும்பாலும் டி. மூன்றாவது, ஒரு கொத்தில் மாறிய ஸி-க்கள் தொடர்ந்து ஒரே புரியைச் சேர்ந்தவையாக இருந்தன. மேலும் அக்கொத்துக்கள் டி.என்.ஏ. இழை அறுந்து மீண்டும் ஒட்டிய இடங்களின் அருகே மிகுதியாகக் காணப்பட்டன. இலையில் விழுந்த கடியின் வடிவத்தைக் கொண்டு புழு இன்னதென்று கூறுவதுபோல, இவ்வடையாளங்களைக் கொண்டு அப்போபெக் எனப்படும் என்ஸைம் குடும்பத்தையே காரணமாக ஊகித்தனர்.

ஊகம் நிரூபணம் ஆகாது. ஆகவே பரிசோதனை செய்தார்கள். ரொட்டி புளிக்க உதவும் ஈஸ்டில் இயற்கையாக இவ்வகை என்ஸைம் இல்லை. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியாளர் சிலர் அந்த என்ஸைம்களை ஈஸ்டுக்குள் உண்டாகும்படி செய்து, 2013-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோய்க் கட்டிகளிற் கண்டவை போன்ற கொத்துக்கள் ஈஸ்டிலும் தோன்றின. டி.என்.ஏ. அறுபடுதலே அக்கொத்துக்களைத் தூண்டுகிறது என்பதும் அப்பரிசோதனையில் விளங்கிற்று.

என்ஸைம் செய்யும் வேலை

என்ஸைம் என்பது உயிரணுவுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரதப் பொருள். தமிழில் நொதி என்பர். மேற்கூறிய என்ஸைம்கள் செய்யும் வேலை மிகச் சிறியது. ஸி என்னும் எழுத்திலிருந்து அமைன் என்ற ஒரு சிறு பாகத்தை அவை எடுத்துவிடுகின்றன. உடனே அந்த ஸி, யூராஸில் என்னும் வேறு பொருளாக மாறிவிடும். டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் கருவிக்கு யூராஸில், டி-யைப் போலவே தோன்றும். ஆகவே ஜி வரவேண்டிய எதிரிடத்தில் ஏ-யை வைத்துவிடும். அடுத்த படியில் ஸி இருந்த இடத்தில் டி நிலைத்துவிடும். சில சமயம் உயிரணு, யூராஸிலைப் பெயர்த்தெறிந்து பழுது பார்க்க முயலும். அந்த வெற்றிடம் நிரம்புமுன் படியெடுப்பு வந்துவிட்டால், அங்கே ஜி விழுவதும் உண்டு.

இனி, இது கொத்தாக நேர்வதேன்? இந்த என்ஸைம்களால் இரண்டு புரியும் முறுக்கி நிற்கும் டி.என்.ஏ.யை எளிதில் தொட முடியாது. பிரிந்து தனியே நிற்கும் ஒற்றைப் புரியையே அவை தாக்கும். உமி மூடிய நெல்லை விட உமி பிளந்த நெல்லில் அந்துப்பூச்சியின் புழு எளிதில் நுழைவதை இதற்கு உவமையாகக் கூறலாம். டி.என்.ஏ. அறுந்துபோனால், அதை மீண்டும் இணைப்பதற்காக உயிரணுவே அறுந்த முனைகளில் ஒரு புரியை நெடுந்தூரம் அரித்து எடுக்கிறது. மற்றப் புரி காவலின்றித் தனியே நிற்கிறது. அச்சமயம் அங்கு வந்த என்ஸைம் அப்புரியின் வழியே சென்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஸி-க்களை மாற்றிவிடுகிறது. கொத்து ஒரே புரியில் அமைவதற்கும் அறுந்த இடத்தின் அருகே அமைவதற்கும் இதுவே காரணம்.

2022-ம் வருஷத்தில் 2,583 புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியாயிற்று. அதன்படி, ஓரெழுத்து மாறுதல்களில் கொத்தாக நின்றவை நூற்றுக்கு நான்கிற்கும் குறைவே. தொகை சிறிதாயினும், ஒரே தாக்குதலில் பல எழுத்துக்கள் மாறிவிடுவதால் இவற்றை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

காவற்காரனும் கெடுதலும்

இத்தகைய ஆபத்தான என்ஸைமை உடல் ஏன் வைத்திருக்கிறது என்று வினவலாம். காவலுக்காகவே என்பது விடை. உயிரணுவுக்குள் நுழையும் சில வைரஸ்கள் தம்மைப் பெருக்கிக்கொள்ளும்பொழுது ஒற்றைப் புரி டி.என்.ஏ.யாக நிற்க நேரும். அப்பொழுது இவ்வென்ஸைம்கள் வைரஸின் எழுத்துக்களைத் தாறுமாறாக்கி, அதைப் பயனற்றதாக்கிவிடும். எய்ட்ஸ் வைரஸைத் தடுக்கும் இவ்வகை என்ஸைம் ஒன்று மனித உயிரணுவில் இருப்பதையும், அதை முறிப்பதற்கென்றே அந்த வைரஸ் ஒரு தனிப் புரதம் வைத்திருப்பதையும் 2002-ம் வருஷத்தில் கண்டறிந்தார்கள். அப்போபெக் 3 என்னும் பிரிவில் மனிதனுக்கு 7 ஜீன்களும், மாட்டிற்கும் ஆட்டிற்கும் 3 ஜீன்களும், சுண்டெலிக்கு ஒன்றும் உள்ளன.

இதே குடும்பத்தில் ஏ.ஐ.டி. என்னும் மற்றோர் என்ஸைமை, ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த தஸுகு ஹோஞ்சோவின் கூட்டத்தார் 1999-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கும் ஜீன்களில் வேண்டுமென்றே மாறுதல்களைப் பெருக்குவது இதன் தொழில். அவ்வாறு மாறியவற்றுள் கிருமியை நன்கு பற்றக்கூடியதை உடல் தெரிந்தெடுத்து வளர்க்கிறது. கோமாரிக்குத் தடுப்பூசி போட்ட மாட்டிற்கு, குறித்த காலத்தில் மறுபடியும் ஊசி போடச் சொல்வதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும். ஆகவே மாறுதலைச் செய்யும் என்ஸைம் கெட்டதும் அன்று, நல்லதும் அன்று. உரிய இடத்தில் நன்மையும், இடம் தவறினால் தீமையும் செய்வது அது. வரப்புக்குள் நின்றால் பயிரை வளர்க்கும் நீர், வரப்பு உடைந்தால் நாற்றையே பெயர்த்துக்கொண்டு போவதை நாம் அறிவோம்.

நோய்க் காளான்களில் இதையொத்த நிகழ்ச்சி

காளான்களில் இதற்கு இணையான ஒரு காவல் உண்டு. நியூரோஸ்போரா என்னும் பூஞ்சைக் காளானில், ஒரே ஜீன் இரண்டு படியாக இருந்தால், ஆண் பெண் சேர்க்கைக் காலத்தில் அவ்விரண்டு படிகளிலும் ஸி என்னும் எழுத்துக்கள் டி-யாகக் கொத்தாக மாறிவிடுகின்றன என்று கண்டார்கள். வழியறியாது பெருகும் ஜீன் துண்டுகளை அடக்குவதற்கு இது காளான் கையாளும் உபாயம்.

ஆனால் இந்தக் காவலும் சில சமயம் வரப்பைத் தாண்டுகிறது. கடுகின் இனத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிரின் தண்டைக் கருக்கும் லெப்டோஸ்பேரியா என்னும் காளானில் இது காணப்பட்டது. எந்த ஜீனின் அடையாளத்தைக் கண்டு பயிர் அந்நோயை எதிர்த்து நிற்கிறதோ, அந்த ஜீனே இவ்விதக் கொத்து மாறுதலால் அழிந்துபோயிருந்ததை 2009-ம் வருஷத்தில் தெரிவித்தார்கள். அடையாளம் அழியவே, பயிருக்குப் பகைவனைத் தெரியாமற் போயிற்று. நோயைத் தாங்கும் ரகம் நோய்க்கு இரையாயிற்று. நல்ல ரகம் ஒன்று சில வருஷங்களில் நோய்க்கு இடங்கொடுக்கக் கண்டால், விதை கெட்டுவிட்டது என்று உடனே சொல்லலாகாது; காளான் மாறியிருக்கவுங் கூடும்.

பயிரைத் திருத்தும் கருவியாக

நெற்பயிரில் அப்போபெக், ஏ.ஐ.டி. ஆகியவை இயற்கையாக இல்லை. ஆனால் 2016-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டேவிட் லியூவின் கூட்டத்தாரும், ஜப்பானில் கோபே சர்வகலாசாலையினரும் தனித்தனியே ஒரு யுக்தியைக் கண்டார்கள். டி.என்.ஏ.யில் குறித்த இடத்தைத் தேடிச் செல்லும் காஸ்9 என்னும் கருவியின் வெட்டும் சக்தியைக் குறைத்து, அதனோடு இவ்வகை என்ஸைம் ஒன்றைப் பிணைத்தார்கள். அமெரிக்கர் எலியின் என்ஸைமையும், ஜப்பானியர் லாம்ப்ரே என்னும் தாடையற்ற மீனின் என்ஸைமையும் பயன்படுத்தினார்கள். காஸ்9 குறித்த இடத்திற்குச் சென்று புரிகளைச் சற்றுப் பிரிக்கும்; அங்கே தனியே நிற்கும் புரியில் ஸி-யை என்ஸைம் மாற்றும். இவ்விதமாக ஒரே எழுத்தை மாற்றிக் களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் நெற்பயிரை 2017-ம் வருஷத்தில் ஜப்பானில் உண்டாக்கினர்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது, பிரிந்து நிற்கும் சிறு இடைவெளியில் ஸி ஒன்றுக்கு மேல் இருந்தால், வேண்டியதோடு வேண்டாததும் மாறிவிடும். இது மனிதன் கையால் நேரும் ஒரு சிறு கொத்து. இரண்டாவது, 2019-ம் வருஷத்தில் சீன விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த காவோ காய்ஷியாவின் கூட்டத்தார் இவ்விதம் திருத்திய நெற்பயிர்களின் டி.என்.ஏ. முழுவதையும் படித்துப் பார்த்தார்கள். குறித்த இடத்திற்கு வெகு தொலைவிலும் ஸி, டி-யாக மாறியிருந்த இடங்கள் மிகுந்திருந்தன. அவையும் ஜீன்கள் உள்ள பகுதிகளிலேயே அதிகம். இடத்தைக் காட்டும் வழிகாட்டியே இல்லாமல் என்ஸைமை மட்டும் உண்டாக்கிய செடிகளிலும் அவ்வாறே காணப்பட்டது. ஆகவே குற்றம் தேடிச் செல்லும் கருவியினுடையதன்று. வரப்பின்றித் திரியும் என்ஸைமினுடையதே. ஏ என்னும் எழுத்தை மாற்றும் வேறொரு கருவியில் இக்குறை காணப்படவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பின், இடம் தவறாமல் வேலை செய்யும்படி என்ஸைமையே திருத்தி, 2020-ம் வருஷத்தில் அவர்களே மேலான கருவிகளை வெளியிட்டார்கள்.

இங்கே குடியானவர்கள் நினைவில் வைக்கவேண்டிய விஷயம் ஒன்று. சிதறி விழுந்த மாறுதல்கள் வெவ்வேறு குரோமோஸோம்களில் நிற்பதால், திருத்திய செடியைத் தாய் ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து, வேண்டாதவற்றைச் சில தலைமுறைகளில் களைந்துவிடலாம். ஆனால் வேண்டிய மாறுதலுக்கு அருகிலேயே கொத்தாக விழுந்தவை அவ்விதம் பிரியமாட்டா. நெருங்கி நிற்பதால் ஒரு கட்டாகவே சந்ததிக்குச் செல்லும். ஆகையால் கொத்து விழுந்த செடியை ஆரம்பத்திலேயே சோதித்து விலக்குவதே தகுதி. களையை நாற்றங்காலிற் பறிப்பது எளிது. கதிர் வந்த பின் பறிப்பது அரிது.

நம் நாட்டில் நடப்பது

இந்திய ஸர்க்கார் 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். அந்நிய ஜீன் எதுவும் மிஞ்சாமல் திருத்தப்பட்ட சிலவகைப் பயிர்களுக்கு, 1989-ம் வருஷத்து விதிகளிற் சிலவற்றினின்று அதனால் விலக்கு ஏற்பட்டது. 2025-ம் வருஷம் மே மாதத்தில் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஸம்பா மஸூரியிலிருந்து ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த டி.ஆர்.ஆர். தான் 100 என்னும் கமலா ஒன்று, எம்.டி.யு. 1010-லிருந்து டில்லியில் செய்யப்பட்ட பூஸா டி.எஸ்.டி. நெல் 1 மற்றொன்று. இவ்விரண்டும் டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டி, உயிரணுவே ஒட்டிக்கொள்ளும்படி விடும் முறையில் செய்யப்பட்டவை. மேலே கூறிய எழுத்து மாற்றும் என்ஸைமால் செய்யப்பட்டவை அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவதும் பிசகு. எல்லாம் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் பிசகு.

திருத்திய அரிசியை உண்டால் நம் ஜீன் மாறிவிடுமோ என்று சிலர் வினவுகின்றனர். நாம் தினந்தோறும் உண்ணும் சோறு, கீரை, பருப்பு ஆகிய எல்லாவற்றிலும் டி.என்.ஏ. உண்டு, அது மற்ற ஆகாரத்தைப் போலவே வயிற்றில் சீரணமாகிவிடும். நெல்லில் ஓரெழுத்து மாறியிருப்பதால் உண்பவரின் உடலில் எழுத்து மாறுவதில்லை. கவலைப்பட வேண்டியது பயிரின் குணத்தைப் பற்றியே.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை

1. எழுத்து மாற்றிய ரகம் என்று சொல்லி விதை கொடுக்க வருவோரிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். டி.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டதா? தாய் ரகத்தோடு எத்தனை முறை மீண்டும் கலக்கப்பட்டது? மாற்றும் என்ஸைமின் ஜீன் செடியினின்று அறவே நீக்கப்பட்டதா? பதில் சொல்லத் தயங்குவோரிடம் விதை வாங்குதல் கூடாது.

2. புதிய ரகம் எதுவாயினும் முதல் வருஷம் சிறு பாத்தியில் மட்டும் பயிரிட்டு, பக்கத்தில் தாய் ரகத்தையும் வைத்து, முளைப்பு, தூர், வயது, பதர், நோய் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சான்று பெற்ற விதையையே வாங்குதல் நலம்.

3. நோயைத் தாங்கும் ரகத்தில் திடீரென்று நோய் கண்டால், வயலில் அது எவ்விதம் பரவியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, நோய் கண்ட தூரோடு இலாகா உத்தியோகஸ்தரிடம் உடனே தெரிவிக்கவேண்டும். ஒரே ரகத்தை ஊர் முழுவதும் வருஷந்தோறும் பயிரிடாமல் மாற்றி மாற்றிப் பயிரிட்டால், மாறிய காளானுக்கு இடம் குறையும்.

புற்றுநோய்க் கட்டியில் விழுந்த கொத்தைக் கண்டு அதன் காரணத்தை அறிந்த சாஸ்திரிகளும், வயலில் கண்ட வட்டத்தைக் கொண்டு புகையானைத் தேடும் குடியானவரும் செய்தது ஒரே காரியம். எவ்வளவு என்பதோடு எங்கே, எவ்விதம் என்றும் நோக்கினார்கள். புதிய கருவிகளால் செய்த விதை நம் களத்துக்கு வரும் காலத்தில், இந்தப் பழைய வழக்கத்தைக் குடியானவர்கள் கைவிடாதிருப்பார்களாக.